தம்பி அனுப்பிய சில்லறை

கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் பேச்சை நிறுத்திய அக்காவுக்குச் சில்லறைக் காசு அனுப்பி அனுப்பியே பேசிய தம்பி, எனக்குத் தெரிந்து டீச்சருக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறான். அந்தச் சில்லறை உருண்டுபோய் அவள் மகளின் படிப்பில் முட்டிக்கொண்டு நின்றதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டீச்சர் என்று தெருவே கூப்பிடுகிற இந்த அம்மாள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. வேலைக்குப் போகிறவர்களின் சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றை வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடத்தி வந்தாள். கட்டடத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். அதே வாரத்தில், டீச்சர் மதியம் கண் அசந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை வாசல் கதவைத் தாண்டிப் போய்விட்டது. தம்பிதான் தெருமுனையில் கண்டுபிடித்துத் தூக்கி வந்தான். தூக்கி வந்தவன் சும்மா இருந்தானா? குழந்தைகளை அழைத்துப்போக வந்த அத்தனை பெற்றோருக்கும் நடுவில் நின்று, "எங்க அக்காவுக்கு முன்ன மாதிரி முடியல. மூடிடலாம்" என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு அவன் எண்ணைத் தன் போனில் அழைப்பே வராதபடி அடைத்தவள்தான் டீச்சர். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கரைக்கு வந்தால்தான் போனே பேசுவார். ஆகையால் சமாதானம் செய்து வைக்க வீட்டில் ஆள் இல்லை.

இன்று காலை எழுந்திருக்கும்போதே டீச்சருக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. முன்னறையில் விற்காமல் மிஞ்சிய குட்டை நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் மூன்று சக்கரம் மட்டும் உள்ள மர ரயில். அதை எடுத்து ஓரமாக வைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. தாண்டிப் போனாள்.

"அம்மா, இன்னிக்கு சாயங்காலத்தோட கடைசி. அதுக்கு மேல வாங்க மாட்டாங்களாம்" என்றாள் மகள், தலையைப் பின்னிக்கொண்டே.

"தெரியும்."

"கிளம்பலாமா?"

"கால்ல செருப்பு மாட்ட விடுவியா, இல்ல அப்படியே தூக்கிட்டுப் போவியா?"

மகள் பின்னலை வேகமாக முடித்தாள். நர்சிங் படிப்பில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். பாதிக் கட்டணச் சலுகையில் படிக்கிறாள். சொந்த வருமானம் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சலுகை. வரி அலுவலகத்துக் கணினியிலோ, அவள் பெயருக்கு நேரே 'வியாபாரி' என்று ஏறியிருக்கிறது. இல்லை, இவள் வியாபாரி இல்லை என்று அதே அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். சலுகை போனால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். முழுக் கட்டணத்துக்கு இந்த வீட்டில் வழியில்லை. படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

இருபது வயதுப் பெண் எப்படி வியாபாரி ஆனாள் என்று கேட்பீர்கள். எல்லாம் பழைய சாமானை விற்றதில் வந்த வினை. காப்பகத்தின் வங்கிக் கணக்கை மூடிய பிறகுதான், தொட்டில்களையும் நாற்காலிகளையும் இணையத்தில் விற்கலாம் என்ற யோசனையே வந்தது. திரும்பப் போய்க் கணக்கைத் திறங்கள் என்று கேட்க டீச்சருக்கு ரோஷம். பணத்தை எப்படி வாங்குவது? ரொக்கம் என்றால் கள்ள நோட்டு பயம். காசோலை என்றால் எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. 'அனுப்பிட்டேன் பாருங்க' என்று போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுக் குழந்தை மெத்தைகளை வாரிக்கொண்டு போனவன் ஒருத்தன். படம் மட்டும்தான் வந்தது, பணம் வரவில்லை. கடைசியில், கமிஷன் போனாலும் பரவாயில்லை, விற்பனைச் செயலி வழியாகவே வாங்குவோம் என்று முடிவாயிற்று. அதில் பணம் விழுந்த பிறகுதான் சாமான் கை மாறும்.

செயலி ஒரு பெயரும் ஒரு வங்கிக் கணக்கும் கேட்டது. "என் பேர்ல போட்டுடலாம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் மகள்.

இரண்டு நிமிஷ வேலையாகத்தான் இருந்தது. அதை அவிழ்க்கத்தான் ஒரு நாள் போதுமா என்று தெரியவில்லை.

அதுவும்கூடத் தாங்கியிருக்கும். விற்றது என்னவோ கொஞ்சம் சாமான்தான். ஆனால் ஒரு கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று அந்தச் செயலி பார்ப்பதில்லை. எத்தனை தடவை விழுந்தது என்றே எண்ணுகிறது. அளவு மீறினால், இது வியாபாரக் கணக்கு என்று வரி அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். போனில் வழி அடைபட்ட தம்பி, அக்கா சாமான் விற்கிற பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பணம் அனுப்பும்போது கீழே ஒரு வரி எழுத அதில் இடம் உண்டு. போதாதா? ஒரு மிட்டாய்க்குக்கூடக் காணாத காசை அனுப்பி, அந்த ஒரு வரியில் பேச ஆரம்பித்தான். தினமும். சில நாள் மூன்று நான்கு தடவை. பெயர் மகளுடையது, ஆனால் விற்பனையைப் பார்த்துக்கொள்வது டீச்சர்தான் என்று அவனுக்குத் தெரியும். அதற்காக அவள் ஒரு முறையாவது பதில் போட்டாளா? ஊஹும்.

வரி அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறியதில் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய், ஒவ்வொருவராக முகம் தொங்கித் திரும்பி வந்தார்கள். இவர்கள் முறை வந்தபோது மதிய உணவு நேரம் நெருங்கிவிட்டது.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, திரையில் மகளின் கணக்கைத் திறந்தார்.

"ஒவ்வொண்ணா பார்த்துத்தான் பிரிக்க முடியும். எது காப்பகத்துது, எது வீட்டுதுன்னு சொல்லுங்க. மரத் தொட்டில், ரெண்டு."

"காப்பகத்துது."

"துணி துவைக்கிற மெஷின்."

"அது வீட்டுது."

"வாங்கின விலையைவிடக் குறைச்சுத்தானே வித்தீங்க?"

"சும்மா தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லாத குறைதான்."

"அப்ப அதுக்கு வரி இல்ல. வீட்ல புழங்கின சாமானை நஷ்டத்துக்குக் குடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. காப்பகத்துச் சாமான் அப்படியில்ல. வாங்கினப்பவே செலவுன்னு எழுதிக் கழிச்சிட்டீங்க. இப்ப வித்து வர்றது காப்பகத்தோட வருமானம்தான். அதைப் பொண்ணு பேர்லேருந்து எடுத்துக் காப்பகத்துப் பேர்ல மாத்தணும். சின்ன வியாபாரத்துக்கு ஒரு வரம்பு இருக்கு. அதுக்குள்ள இருந்தா வரியும் கட்ட வேண்டாம்."

கேட்கக் கேட்க மகள் முகம் தெளிந்தது. டீச்சருக்கும் அப்பாடா என்றிருந்தது. அதிகாரி அடுத்த வரிக்குப் போனார். புருவத்தைச் சுருக்கினார்.

"இது என்னது? 'காய்ச்சல் விட்டுச்சா'. இது எதை வித்தது?"

டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அது... மாமா அனுப்பினது. எங்க அம்மாவோட தம்பி. விற்பனை இல்ல" என்றாள் மகள்.

"சரி, சொந்தம். அடுத்தது, 'மாடிப்படி லைட் எரியல, பார்த்து இறங்கு'. இதுவும் அவரா? அடுத்தது, 'மழை வருது, துணியை எடு'." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்து வீடா?"

"இல்ல மேடம். லிஃப்ட் மெக்கானிக். ஏதாவது பெரிய கட்டடத்து மொட்டை மாடியில நிப்பார். மழை அங்கதான் முதல்ல தெரியும்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தார். டீச்சருக்குக் காது மடல் சுட்டது. பிழைப்புக்காக வந்து நிற்கிற இடத்தில் குடும்ப மானம் ஏலம் போகிறதே என்றிருந்தது. அதிகாரிக்கு வேறு வழியில்லை. விற்பனை எது, சொந்தம் எது என்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் குறி போட்டால்தான் கணினி அடுத்ததற்கு விடும்.

"'ஜன்னல்ல பார்த்தேன், இளைச்சிட்டே'. சொந்தம். குட்டை மேஜை, காப்பகம். 'மாத்திரை போட்டியா'. சொந்தம். 'திட்டணும்னா திட்டு, ஒரு காசு அனுப்பித் திட்டு'."

இந்தத் தடவை வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரியின் கட்டிய தொண்டையிலிருந்துகூட ஒரு சத்தம் வந்தது.

"'நான் சொன்னது தப்பு இல்ல'. இது பாதியில நிக்குது போல."

"'சொன்ன இடம்தான் தப்பு'. அடுத்த வரியில இருக்கும், பாருங்க" என்றாள் டீச்சர்.

திரையை எட்டிப் பார்க்காமலே சொன்னாள். அதிகாரி பார்த்தார். இருந்தது.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் படிச்சியாம்மா? மாமா அனுப்பினா நான் பாக்கறதே இல்லைன்னு சொன்னே?"

"போன் கையில இருந்தா கண்ணுல படாதா? சும்மா நில்லு."

எல்லாம் பிரித்து முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதிகாரி தன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. காப்பகத்தின் பதிவைத் தேடி எடுத்தார்.

"பங்குதாரர் ரெண்டு பேர்னு இருக்கு. நீங்க ஒண்ணு. இன்னொருத்தர்?"

"என் தம்பிதான். பதிவு பண்றப்ப ரெண்டு பேர் வேணும்னாங்க. பேருக்குப் போட்டது."

"பேருக்கோ ஊருக்கோ, அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடாம இதை மாத்த முடியாது. இன்னிக்குச் சான்றிதழ் வேணும்னா கவுன்ட்டர் மூடறதுக்குள்ள வரச் சொல்லுங்க."

மகள் போனை எடுத்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. நான் கூப்பிடறேன்."

படிக்கட்டுப் பக்கம் போய் நின்று, தன் போனில் அடைத்து வைத்திருந்த எண்ணைத் திறந்தாள். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவன் எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"அக்கா! யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு கையெழுத்து வேணும்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டான்.

வேலை உடுப்போடு வந்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ். தோளில் ஸ்பேனர் பை. ஊரெல்லாம் லிஃப்ட்டைச் சரி செய்கிறவன் மூன்று மாடி படியேறி நாக்குத் தள்ளி நின்றதைப் பார்த்து மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரில் ஒட்டியிருந்த வரி விதிகளைப் பார்த்தாள். அவ்வளவு அக்கறையாக அந்தச் சுவரொட்டியை இதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

"இந்தச் சில்லறை எல்லாம் நீங்க அனுப்பினதா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"அக்கா போன்ல என்னை அடைச்சு வச்சிருக்காங்க. வேற வழி இல்ல."

"இனிமே இந்தக் கணக்குக்கு இப்படி அனுப்பாதீங்க. திரும்பவும் வியாபாரின்னு ஏத்திடும். பேசணும்னா வாயால பேசுங்க." வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். "என் கூடப் பிறந்ததும் ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா நல்லது கெட்டதுக்குக்கூட வர்றதில்ல. சில்லறையாவது அனுப்பறானா?"

அச்சாகி வந்த தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"காப்பகத்துச் சாமான் வித்த மொத்தம் இது. வரம்புக்குக் கீழதான் இருக்கு, நூலிழையில தப்பிச்சுது. வரி கிடையாது. ஒண்ணே ஒண்ணு. செயலிக்கு வெளியில ரொக்கமா ஏதாவது வாங்கினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. கீழ உறுதிமொழி இருக்கு. பொய்னு தெரிஞ்சா ரெண்டு பேர் மேலயும் வழக்கு வரும்."

டீச்சர் யோசிக்க வேண்டியதே இல்லை. வாங்கியிருந்தாள். சறுக்குமரம். காப்பகத்திலேயே விலை கூடின சாமான் அதுதான். ஒரு அம்மாள் வேனோடு வந்து, "ரொக்கமா தர்றேன், இப்பவே எடுத்துக்கறேன்" என்றாள். மகள் அன்று கல்லூரியில் இருந்தாள். செயலி வழியாக வாங்கினால் கமிஷன் போகும், பணம் வர நாளாகும். வாசலிலோ காப்பகத்து ஆயா கடைசி மாதச் சம்பளத்துக்காக உட்கார்ந்திருந்தாள். நோட்டுகளை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்தாள் டீச்சர். அதில் ஒரு காசு அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் விற்றது விற்றதுதான். அதைச் சொன்னால் மொத்தம் வரம்பைத் தாண்டும். வரி வரும், கணக்குத் திரும்பப் போட வேண்டி வரும். இன்றைக்குச் சான்றிதழ் வராது.

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பேருந்துச் சீட்டுக்கான சில்லறை தயாராக இருந்தது.

"இல்ல. எதுவும் ரொக்கமா வாங்கல" என்றாள் டீச்சர்.

சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். பேனாவைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். அவன் விரலில் கிரீஸ் இருந்தது. உடுப்பில் துடைத்துக்கொண்டான். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படிக்கிறான் என்று நினைத்தாள். பிறகு அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்படியே மாமாவையும் கட்டிக்கொள்ளப் போய், கிரீஸைப் பார்த்து நின்றாள்.

"மாமா, வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. நான் குடுத்துட்டு வந்துடறேன்."

"நீ முதல்ல ஓடு. பஸ் போயிடும்."

அவள் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கிப் போனாள். 'வீட்டுக்கு வா' என்று மகள் சொன்னதை டீச்சர் மறுக்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் இறங்கிவர முடிகிறதா என்ன? பல மாதத்து வீம்பு.

இருவரும் மெதுவாக இறங்கினார்கள். கீழே வாசல் படியில் டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஒரு படி தள்ளி உட்கார்ந்தான். எதிரே டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இவன் இரண்டு டீ வாங்கி வந்தான். சர்க்கரை குறைவாக. அவளுக்கு எப்படி வேண்டும் என்று கேட்கவில்லை.

"இளைச்சுத்தான் போயிட்டே" என்றான்.

"அதான் எழுதி அனுப்பிட்டியே. ஊரே கேட்டுச்சு."

சிரித்தான். அவளுக்கும் உதடு லேசாக இழுத்தது. வாயை டம்ளரில் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"சொன்னது உண்மைதானே. கண் அசந்தது நான்தானே. அந்தக் குழந்தைக்கு ஒண்ணு ஆகியிருந்தா..." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கப்பலில் இருக்கிற கணவரிடம்கூட. "அதை நீ சொல்லிட்டேன்னு எனக்குக் கோபம் இல்லடா. நீ சொல்ற வரைக்கும் என்னால முடியலைன்னு எனக்கே தெரியாம இருந்துச்சேன்னுதான்."

தம்பி டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா கண்ணைத் துடைப்பதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தானோ, அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ, வாய் முந்திக்கொண்டது.

"சறுக்குமரம் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்குக்கா. மூணு பிள்ளைங்க. ஒருத்தன் இறங்க மாட்டேன்னு மேலயே உக்காந்திருந்தான்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க பார்த்தே?"

"அவங்க இருக்கிற கட்டடத்து லிஃப்ட்ட நான்தான் பாக்கறேன். நம்ம காப்பகத்துது மாதிரி இருக்கேன்னு கேட்டேன். ஒரு டீச்சர்கிட்ட வாங்கினோம்னாங்க." அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் அதற்குள் பாதி வந்துவிட்டது.

"ரொக்கமா வாங்கினோம்னு சொன்னாங்களா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எப்ப சொன்னாங்க?"

"போன மாசம்."

"அப்ப மேல அந்த அம்மா கேட்டப்ப, நான் இல்லைன்னு சொன்னப்ப, உனக்குத் தெரியும்."

"விடுக்கா."

"வழக்கு வரும்னு சொன்னாங்களே, அது காதுல விழுந்துச்சா? லைசென்ஸ் வச்சுப் பிழைக்கிறவன் நீ. பொய்க் கையெழுத்துன்னு ஒரு புகார் போனா லைசென்ஸ் என்ன ஆகும்? உன்னை நம்பி வீட்ல நாலு பேர் இருக்காங்க. தெரிஞ்சே எதுக்குடா போட்டே?"

"நீ போட்டிருந்தியே" என்றான் தம்பி.

அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தியாகம் செய்த முகத்தோடும் சொல்லவில்லை. அக்கா ஒரு இடத்தில் கையெழுத்துப் போட்டால் கீழே தம்பி போடுவான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னான். டீச்சருக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை மாதம் இவனைத் தன் எதிரி என்று நினைத்துக்கொண்டு தூங்கினோமே என்று நினைத்தாள். தான் பொய் சொன்னால் தன்னோடு போகும் என்று நினைத்துத்தான் அந்த 'இல்லை'யைச் சொன்னாள். அது போய் இவன் பிழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பக்கம் மகள். இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து படித்த பிள்ளை. சான்றிதழைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடினாளே.

எந்தப் பக்கம் பார்த்தாலும் டீச்சருக்கு ஓய்ச்சலாக வந்தது. யாராவது வந்து, நீ போய்ப் படுத்துக்கொள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. யாரும் வரப் போவதில்லை. மேலே மூன்றாவது மாடியில் கவுன்ட்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றான் தம்பி.

அவள் மகளின் எண்ணைத் தட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, வேண்டாம். பிள்ளை படிப்பு. யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. அப்படியே வந்தா நான் பாத்துக்கறேன்."

"நீ இத்தனை நாள் பாத்தது போதும். உக்காரு."

மணி அடித்தது. மகள் எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் சத்தம்.

"அம்மா, வந்துட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேர்தான். குடுத்துட்டுக் கூப்பிடறேன்."

"குடுக்காதே. அதை எடுத்துக்கிட்டுத் திரும்பி வா."

"என்ன?"

"அதுல நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன் பாப்பா. திரும்பப் போய்ச் சரியா எழுதிக் குடுக்கணும். அது உன் கையை விட்டுப் போயிட்டா அப்புறம் முடியாது."

"இன்னிக்குக் கடைசி நாள்மா! உனக்குத் தெரியாதா? இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு." மகளின் குரல் உடைந்தது. பிறகு, ஏதோ பிடிபட்டவள் போலக் கேட்டாள். "மாமா சண்டை போட்டாரா? அவர்தான் ஏதாவது சொன்னாரா?"

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். அவன் இரண்டு காலி டம்ளர்களையும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"இல்ல. சண்டை போட்டிருந்தா நான் உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்."

எதிர்ப்பக்கம் மகள் கையில் தாள் சரசரத்தது. பிறகு, அவளுக்குக் கொஞ்சம் தள்ளி யாரோ, "அடுத்தது யாரும்மா? தாளைக் குடு" என்றார்கள்.